யார் வீட்டுப் பிள்ளை?

மொத்த நீளமே ஐம்பது, அறுபது எழுத்து. அதற்குள் எவ்வளவு பூர்வீகம் மிஞ்சியிருக்கும்? இரண்டு மாதமாக என்னைப் படுத்தும் கேள்வி இது.

ஆர்க்கியாக்களின் வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து அட்டவணை போடுவது ஆய்வுக்கூடத்தில் என் வேலை. பார்க்க பாக்டீரியா மாதிரி இருந்தாலும் ஆர்க்கியா தனி வம்சம் என்று 1977இல் கார்ல் ஊஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் சொன்னது ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுத்தான். என் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் பெரும்பாலும் வேலை செய்வதும் அதன்மேல்தான். ஒவ்வொன்றிலும் சி பெட்டி, டி பெட்டி என்று அதிகம் மாறாத எழுத்துகள், நடுவே அதே போல இன்னொரு ஜோடி. இரண்டு டி பெட்டிகளுக்கும் முன்னால் ஒவ்வொரு வழிகாட்டித் துண்டு. அது ரைபோசோமில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியிலிருந்து ஐந்தாவது எழுத்துக்கு இணையாக நிற்கும் எழுத்தில் ஃபிப்ரில்லாரின் புரதம் ஒரு மெத்தில் குழுவை வைக்கும். அவ்வளவுதான்.

நம் செல்களில் இதே ஏற்பாடு நியூக்ளியோலஸில் இருக்கிறது, அதனால் ஊர்ப்பெயரோடு 'ஸ்னோ ஆர்.என்.ஏ.' ஆர்க்கியாவுக்கு உட்கருவே கிடையாது, நியூக்ளியோலஸுக்கு எங்கே போவது? 2000இல் சல்ஃபோலோபஸில் இவற்றைக் கண்டவர்கள் ஊர்ப்பெயரைக் கழற்றிவிட்டு வெறும் 'எஸ் ஆர்.என்.ஏ.' என்றார்கள்.

சிக்கல் இரண்டு துண்டுகளால் வருகிறது. பைரோபாகுலம் இனங்கள் ஆறில் மட்டும் 110 குடும்பங்கள் என்கிறது 2018இல் வந்த ஓர் ஆய்வு. ஒரு குடும்பத்து ஆளிடம் ஒரு துண்டு அப்படியே இருக்க, இன்னொன்று மாறி வேறு இடத்தைக் குறிவைக்கிறது என்று வையுங்கள். எங்கே சேர்ப்பது? "வேலையைப் பார்த்துப் பிரிடீ" என்கிறார் சீனியர் அக்கா. அப்படிப் பிரித்தால் ஒரு குடும்பம் அழிந்து இன்னொன்று பிறந்ததாகக் கணக்காகும். சேர்த்தே வைத்தால், ஒரே குடும்பம் தொழில் மாற்றிக்கொண்டதாக ஆகும். இரண்டும் வேறு வேறு வரலாறு. நான் இரண்டாவது கட்சி.

முகம் பிடிபடாதபோது பாட்டி, "எந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு?" என்பாள். நானும் அதைத்தான் செய்கிறேன், பக்கத்தில் எந்த ஜீன் இருக்கிறது என்று பார்க்கிறேன். பாதி நேரம் உதவும். மீதி நேரம் இவை வீடு மாறியிருக்கும்.

ஹாலோஃபெராக்ஸ் வொல்கேனியையில் ஒன்று இருக்கிறது. டிரிப்டோஃபானுக்கான டி.ஆர்.என்.ஏ.வில் வெட்டி எறியப்பட வேண்டிய இடைத்துண்டு அது. வெட்டுப்படும் முன் அதே டி.ஆர்.என்.ஏ.வின் இரண்டு எழுத்துகளுக்கு மெத்தில் வைக்க வழிகாட்டுகிறது. அதை அக்காவிடம் காட்டினேன். அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ குடிக்கப் போய்விட்டார்.