ஆலமரத் தெருவில் ரெண்டு பாஷை பள்ளிக்கூடம்!

மயாமி என்றதும் நம்ம இளைஞர்களுக்கு ஞாபகம் வருவது பீச். தப்பில்லை. (போட்டோவில் மட்டும் பார்த்தவர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள்!) ஆனால் நாலு நாளும் பீச்சிலேயே கிடந்து முதுகைத் தீய்த்துக்கொண்டு திரும்பினால், ஊரின் நிஜ சுவாரஸ்யத்தைக் கோட்டை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆபீஸ் வேலையோ, மச்சான் வீட்டு அழைப்போ, எப்படியாவது அங்கே கால் வைத்தால் ஒரு காலைப்பொழுதை ‘கோரல் வே’ சாலைக்கு ஒதுக்குங்கள்.

சாலை நடுவில் வரிசையாக ஆலமரங்கள்! 1929-ல் நட்டவை. விழுதுகள் திரண்டு தூண் மாதிரி நிற்க, இரண்டு பக்கமும் கார்கள் சர்சர்ரென்று ஓடுகின்றன. அடியில் ஒரு பிள்ளையாரும் ஒரு டீக்கடையும் இருந்தால் நம்ம ஊர் என்றே சொல்லிவிடலாம்.

டீக்கடை இல்லாவிட்டால் என்ன, காபிக்கு ஜன்னல் இருக்கிறது. ‘வென்ட்டனீட்டா’ என்று பெயர். ஜன்னலில் காசைக் கொடுத்து ‘கொலாடா’ என்று கேட்டால், ஒரு கப் கியூபா காபியும் கூடவே விரல் நுனி அளவுக்குக் குட்டிக் குட்டிக் கப்புகளும் வரும். சர்க்கரையைப் போட்டு அடித்து நுரை கட்டிய சமாச்சாரம். ஒருத்தர் வாங்கி ஆபீஸில் நாலைந்து பேருக்கு ஊற்றிக் கொடுப்பது வழக்கம். முழுசையும் தனியாகக் குடித்தால், ராத்திரி தூக்கம் போச்சு!

கடைக்காரம்மாவிடம் நாம் இங்கிலீஷில் கேட்டால், ஸ்பானிஷில் பதில் வரும். பயப்பட வேண்டாம். மயாமி நகரத்தில் பத்துக்கு ஏழு பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி. இங்கிலீஷ் மட்டும் தெரிந்த அமெரிக்கர்தான் அங்கே கொஞ்சம் திருதிருவென்று முழிப்பார்.

காபியைக் குடித்துவிட்டுச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே நடந்தால், ஓட்டுக் கூரையும் வளைவுகளுமாக ஒரு பழைய பள்ளிக்கூடம். கோரல் வே எலிமென்டரி ஸ்கூல். பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்கக் கல்வியின் சரித்திரத்தில் இதற்குத் தனி இடம்.

கதை 1959-ல் ஆரம்பிக்கிறது. கியூபாவில் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். பிடிக்காதவர்கள் கிளம்பினார்கள். ப்ளோரிடாவின் தென்கோடியிலிருந்து கியூபா வெறும் 90 மைல்தான். டாக்டர், வக்கீல், வாத்தியார் என்று சாரிசாரியாக மயாமியில் வந்து இறங்கினார்கள். 1960-லிருந்து 62-க்குள் பெற்றோர் இல்லாமல் தனியாகவே அனுப்பி வைக்கப்பட்ட பிள்ளைகள் மட்டும் 14,000-க்கு மேல்!

“ஆறே மாசம். அந்த ஆள் போய்டுவார், நாமும் ஊருக்குப் போய்டலாம்” என்றுதான் எல்லாரும் பெட்டியைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளின் படிப்பு? இங்கிலீஷ் பள்ளியில் போட்டால் சொந்த பாஷை மறந்துபோகும், ஊர் திரும்பினால் கஷ்டம். போடாவிட்டால் இங்கே பிழைப்பதே கஷ்டம். இரண்டு பக்கமும் இடி.

அப்போதுதான் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியோடு 1963 செப்டம்பரில் கோரல் வேயில் ஒரு பரிசோதனை நடந்தது. முதல் மூன்று வகுப்புகளில் பாதி நாள் இங்கிலீஷ், பாதி நாள் ஸ்பானிஷ். இதில் விசேஷம் என்னவென்றால், கியூபாப் பிள்ளைகள் மட்டுமில்லை, அமெரிக்கப் பிள்ளைகளும் இரண்டு பாஷையிலும் படிக்க வேண்டும்! காலையில் அவரவர் பாஷையில் பாடம். மத்தியானம் அதே பாடம் அடுத்த பாஷையில்.

காலையில் இந்தப் பிள்ளைகள் ஒரு அறை, அந்தப் பிள்ளைகள் ஒரு அறை. மத்தியானமும் அப்படியே. அப்புறம் எப்போதுதான் ஒட்டுவார்கள்?

அதற்குத்தான் நடுவில் ஒரு பொழுது. சாப்பாடு, படம் வரைதல், பாட்டு, பி.டி.! இதற்கு மட்டும் எல்லாப் பிள்ளைகளும் கலந்து உட்காருவார்கள். பேச இஷ்டப்பட்ட பாஷை.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு கெட்டிக்கார ஏற்பாடு! ஆறு வயசுப் பையனை உட்கார வைத்து, “ரோஹோ என்றால் சிவப்பு, பத்து தடவை எழுது” என்றால் கொட்டாவி விடுவான். பக்கத்து சீட் பெண், சிவப்பு கிரேயானைக் கையில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றால்? ‘ரோஹோ’ ஒரு நிமிஷத்தில் வாயில் வந்துவிடும். ஓட்டப்பந்தயத்தில் எல்லாரும் “கொர்ரே! கொர்ரே!” என்று கத்தினால், ‘ஓடு’ என்று யாரும் அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. பாட்டிலோ, அர்த்தம் புரிவதற்கு முன்னாலேயே உச்சரிப்பு படிந்துவிடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. கியூபாவிலிருந்து வந்த அனுபவசாலி டீச்சர்களின் சான்றிதழ் அமெரிக்காவில் செல்லாது. அதனால் பலர் ‘எய்ட்’ என்ற உதவியாளர் வேலையில் சேர்ந்தார்கள். ஆட்டம், பாட்டு, படம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. அந்த நேரத்தில் இங்கிலீஷ் டீச்சரும் ஸ்பானிஷ் டீச்சரும் ஒன்றாக உட்கார்ந்து மறுநாள் பாடத்தைத் திட்டமிடுவார்கள். மயாமி பல்கலைக்கழகம் நடத்திய பயிற்சியில் படித்து, மறுபடி முழு டீச்சர் ஆன கியூபாக்காரர்களும் உண்டு.

விளைவு? இரண்டு பாஷையில் படித்ததால் பிள்ளைகள் இங்கிலீஷில் பின்தங்கிவிடவில்லை. பரிசோதனை நிரந்தரமானது. 1968-ல் இருமொழிக் கல்விக்கென்று தேசிய அளவில் சட்டமே வந்தது.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். 1980-ல் ஒன்றேகால் லட்சம் கியூபா அகதிகள் படகுகளில் வந்து இறங்க, உள்ளூர்க்காரர்களுக்குக் கோபம் பொங்கியது. இங்கிலீஷ் தவிர வேறு பாஷைக்கு மாவட்ட அரசு பைசா செலவழிக்கக் கூடாது என்று ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1993-ல்தான் அது ரத்தானது. இத்தனைக்கும் நடுவே கோரல் வேயில் மட்டும் இரண்டு பாஷை மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது எட்டாம் வகுப்பு வரை வளர்ந்துவிட்டது.

அமெரிக்காவில் ஓவியம், இசை, பி.டி., அந்நிய பாஷை பாடங்களுக்கு ‘ஸ்பெஷல்ஸ்’ என்று செல்லப் பெயர். ஆனால் பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதலில் கத்தி விழுவதும் அந்தச் செல்லத்தின் கழுத்தில்தான். ஓவியத்துக்குத் தனி அறை இல்லாத பள்ளிகளில் டிராயிங் டீச்சர் தள்ளுவண்டியில் பெயின்ட், பிரஷ் எல்லாம் ஏற்றிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போகிறார். (பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்ளும் நம்ம ஊர்க் கதை ஞாபகம் வருகிறதா?)

1963-ல் பெட்டியைப் பிரிக்காமல் காத்திருந்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவேயில்லை. அவர்கள் பிள்ளைகள் ஒண்ணாம் கிளாஸில் இங்கே சேர்ந்தார்கள் என்றால், இன்றைக்கு எழுபதை நெருங்கிக்கொண்டிருப்பார்கள். அம்மாவோடு ஸ்பானிஷில் பேசி, ஆபீஸில் இங்கிலீஷில் பேசிப் பிழைத்த தலைமுறை.

போகிறவர்களுக்கு ஒரு டிப்ஸ். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்து ரசியுங்கள். வேலி ஓரம் ரொம்ப நேரம் நிற்காதீர்கள். அமெரிக்காவில் உடனே போலீஸ் வந்து விசாரிக்கும். என்ன, ரெண்டு பாஷையிலும் விசாரிக்கும்!