தண்ணீர் போட்ட கறை

மார்கழி 5, சனி

அண்ணன் மகளுக்கு மாம்பலத்து நகைக்கடையில் இடம் மாறிவிட்டது. இதுவரை பின்கட்டில் டேக் கட்டிக்கொண்டும் எடை எழுதிக்கொண்டும் இருந்தவளை, தை பிறந்ததும் நெக்லஸ் கவுன்டரில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளமும் கொஞ்சம் கூடும். சந்தோஷமாகச் சொல்லவேண்டியதை, பாத்திரம் கழுவிக்கொண்டே முதுகைக் காட்டிச் சொன்னாள். பிறகுதான் விஷயம் வந்தது. "சூப்பர்வைசர் சொல்றாருங்க அத்தை, பல்லை ஏதாச்சும் பண்ணிக்கோம்மா, கஸ்டமர் பார்க்கிற இடம்னு."

எனக்கும் அவளுக்கும் ஒரே மாதிரிப் பல். முன்பற்களில் குறுக்கே காவிக் கோடு, சுற்றிலும் சுண்ணாம்பு வெள்ளையில் திட்டுத்திட்டாக. எங்கள் பக்கத்துக்காரர் யாராவது பார்த்தால், "பாலக்கோடா, பென்னாகரமா?" என்றுதான் ஆரம்பிப்பார். மயிலாப்பூரில் கேள்வி வேறு. நான் குடிவந்த புதிதில் வடக்கு மாட வீதிப் பூக்காரம்மா, "வெத்தல நெறைய போடுவியாம்மா?" என்றாள். ஆபீசில் ஒருவர் இன்னும் நாசூக்கு. என்ன பேஸ்ட் உபயோகிக்கிறேன் என்று விசாரித்தார். கல்யாணப் பந்தியில்கூட நான் வெற்றிலை போட்டதில்லை. கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் "ஆமாம், போடுவேன்" என்று சொல்லப் பழகிவிட்டேன். விளக்குவதைவிட அது சுலபம்.

இவளுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. கொரோனா சமயத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனதுதான் நிம்மதியான காலம் என்கிறாள். பல்லின் மேல் பற்றுப் போட்டு வெள்ளையாக்குவதைப் போனில் பார்த்து வைத்திருக்கிறாள். பெயர் பாண்டிங். இதுவரை யாரிடமும் கேட்டதில்லையாம்.

மார்கழி 6, ஞாயிறு

அம்மாவுடன் போனில் பேசினேன். அம்மா பவானிக்காரி, காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்து, நாங்கள் குடித்த அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் காலமெல்லாம் குடித்தாள். இன்றைக்கும் இருக்கிற பல் வெள்ளையாகவே இருக்கிறது. அண்ணிக்கும் அப்படித்தான், அவள் பிறந்தது ஈரோட்டுப் பக்கம். ஆக எங்கள் வீட்டில் வாக்கப்பட்டு வந்தவர்களுக்கு வெள்ளைப் பல், அங்கேயே பிறந்தவர்களுக்குக் காவிப் பல். சின்ன வயதில் இதை ரத்த வழி என்று நினைத்தோம். பாட்டி ஏதோ சாபக் கதையும் வைத்திருந்தாள்.

காரணம் புளோரைடு. அந்தப் பக்கத்துப் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைகிறது. போர்வெல் ஆழமாகப் போகப் போகப் பல இடங்களில் கூடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டினால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் சரியாக இறுகாமல் நுண்ணிய ஓட்டைகளோடு வளர்கிறது. பல் முளைத்த பிறகு அந்த ஓட்டைகளில் நிறம் ஏறுகிறது. எட்டு வயதுக்குள் முடிந்துபோகிற சமாச்சாரம் இது. அதற்குப் பிறகு வந்த மருமகளின் பல்லைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. எலும்பைப் பிடிப்பது வேறு கதை. அது எந்த வயதிலும் நடக்கும்.

கிண்டிப் பக்கம் போகும்போது கிங் இன்ஸ்டிடியூட்டைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். அம்மைத் தடுப்பூசி தயாரித்த இடம் என்ற அளவில்தான் தெரியும். 1937-இல் அதன் இயக்குநராக இருந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும்தான் சென்னை மாகாணத்தில் புளோரைடு நோய் இருப்பதை முதலில் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது அன்றைய நெல்லூர் மாவட்டத்து ஜனங்களை. அமெரிக்காவில் 1901-லேயே கொலராடோவுக்குப் பிழைக்கப் போன மெக்கே என்ற இளம் பல் டாக்டர் ஊரெல்லாம் காவிப் பல்லாக இருப்பதைக் கண்டு மலைத்தாராம். காரணம் தண்ணீரிலுள்ள புளோரைடுதான் என்று தெரிய 1931 வரை ஆனது. அந்தக் காவிப் பல்லில் சொத்தை குறைவு என்பதையும் அவர் கவனித்தார். அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியால் 1945-இல் அமெரிக்காவில் ஒரு ஊர்க் குழாய்த் தண்ணீரில் அளவாகப் புளோரைடைக் கலக்கவே ஆரம்பித்தார்கள். எங்கள் தர்மபுரி மாவட்டத்திலோ அதிலிருந்து தப்பிக்க, சுமார் 1,900 கோடி ரூபாயில், ஜப்பான் கடன் வாங்கி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட வேண்டியிருந்தது. 2013-இல் தண்ணீர் வந்தது. அதற்குள் இவளுடைய பல் எல்லாம் உருவாகி முடிந்துவிட்டது. குழாய் வந்த பிறகு பிறந்த தம்பி மகனுக்குப் பல் பளிச்சென்று இருக்கிறது. பொங்கலுக்கு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது பல்லை வைத்தே யார் எப்போது பிறந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

மார்கழி 9, புதன்

லஸ் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் கிளினிக். மாடிப்படி ஏறினால் ஒரே அறை. டாக்டரம்மா கோட்டை ஸ்டேஷன் எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியதல்லவா அது, என்று என் பொது அறிவை எடுத்துவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல் இவளுடைய உதட்டைத் தூக்கிப் பார்த்து, "தர்மபுரியா?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

க்ளீனிங் பண்ணினால் போய்விடாதா என்று கேட்டேன். "கறை பல்லு மேல இருந்தா போகும்மா. இது பல்லுக்குள்ள இருக்கு." ப்ளீச் பண்ணினால் வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரிய வாய்ப்புண்டு. செராமிக் வெனீர் ஒட்டலாம். ஆனால் இருபத்து மூன்று வயதுப் பல்லைச் சீவ வேண்டும், சீவியது திரும்ப வளராது. பாண்டிங்கில் சீவல் மிகக் குறைவு, ஒரே நாளில் முடியும். குறை என்னவென்றால், அது பிசின். சில வருடங்களில் ஓரம் உடையும், நிறம் மங்கும், பாலிஷோ பேட்ச்சோ போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இதை அவரே முதலில் சொன்னார். சொல்லாமல் பல்லில் கைவைப்பவர்களிடம் போகக்கூடாது.

பிறகு டியூப்லைட்டை அணைத்துவிட்டு இவளை ஜன்னலோரம் நிற்கவைத்தார். சாவிக்கொத்து மாதிரி வரிசையாகப் பொய்ப்பல் கோத்த ஷேடு கார்டு ஒன்றை எடுத்தார். ஏ1, ஏ2, பி1 என்று பதினாறு நிறம். பல் காய்ந்தால் வெளுத்துக் காட்டும் என்பதால் எல்லாவற்றுக்கும் முன்னால் நிறம் பார்த்துவிட வேண்டுமாம். இவள் கை நேராக பி1-க்குப் போயிற்று. டாக்டர் ஏ2-வைப் பல்லோடு ஒட்டிப் பிடித்து, கண்ணாடியைக் கொடுத்தார். அப்புறம் பி1.

"இதுதானுங்க அத்தை நல்லா இருக்கு."

"மேல ஆறு பல்லு இந்த வெள்ளையில போட்டா, கீழ் வரிசை வேற யாரோடதோ மாதிரி இருக்கும்மா" என்றார் டாக்டர். நான் அவர் கட்சி. சினிமாக்காரர் சிலரைப் பாருங்கள்: வாய் திறந்ததும் வசனத்துக்கு முன்னால் பல் வந்து நிற்கிறது. கடைசியில் ஏ1-இல் சமாதானமானது.

இவளுக்கு இடது பக்கம் ஒரு தெத்துப்பல். அதையும் வரிசைக்குக் கொண்டுவந்த மாதிரி காட்டலாமா என்று கேட்டார். "வேண்டாங்க, அது இருக்கட்டும்" என்று டக்கென்று பதில் வந்தது. ஜப்பானில் கொஞ்ச வருடம் முன்பு இளம்பெண்கள் காசு கொடுத்துத் தெத்துப்பல் ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டியது இதே பிசின் வித்தையில்தான். எங்கள் ஊருக்குத் தண்ணீருக்குக் கடன் கொடுத்த அதே ஜப்பான்.

பல்லுக்கு மூவாயிரம், ஆறு பல்.

மார்கழி 11, வெள்ளி

கடையில் எல்லோருக்கும் சேர்த்து எடுத்த குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறது. கேட்டதற்கு, அழகுச் சிகிச்சைக்குக் கிடையாது என்று பதில். இந்த வார்த்தையில்தான் எனக்குக் கோபம். மூக்குத்தி குத்திக்கொள்வது அழகுக்கு. இவள் ஒன்றரை வயதில் எந்த போர்வெல் தண்ணீரைக் குடிப்பது என்று தேர்ந்தெடுத்தாளா? ஊர்த் தண்ணீர் தொட்டி அத்தனை பேருக்கும் பொது. அது போட்ட கறையை அழிப்பது மட்டும் தனி ஆள் செலவு. மருத்துவச் சேவைக்கான ஜிஎஸ்டி விலக்கில்கூட, அழகு அறுவை சிகிச்சைக்கு விலக்கில்லை என்று சொல்லிவிட்டு, பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் இவற்றைச் சரிசெய்தால் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். வரி போடுகிறவர்களுக்கு இருக்கிற நியாயம் இன்சூரன்ஸ்காரர்களுக்கு இல்லை. பாதி நான் கொடுக்கிறேன் என்றேன். மாதாமாதம் கழிப்பதாகச் சொல்லி முழுவதையும் கடனாகத்தான் வாங்கிக்கொண்டாள். ரோஷக்காரி.

மார்கழி 22, செவ்வாய்

மார்கழியில் நகைக்கடைக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். லீவு சுலபமாகக் கிடைத்தது. ஊசி கிடையாது. உதட்டை விரித்து ஒரு பிளாஸ்டிக் வளையம், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சு. என்னை ஒரு ஸ்டூலில் உட்கார விட்டார்கள்.

முதலில் ஆழமாக இருந்த காவியை மட்டும் லேசாகத் தேய்த்தார். பிறகு சின்ன ஊசிக்குழலிலிருந்து நீல நிற ஜெல்லைப் பல் பல்லாகத் தடவினார். பாஸ்பாரிக் அமிலம், 37 சதவீதம். சாதாரணமாக அரை நிமிடம் போதும். புளோரைடு பல்லின் மேல்தோல் அமிலத்துக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது என்பதால் கூடுதல் நேரம் விட்டார். கழுவிக் காற்றடித்ததும் பல் பளபளப்பை இழந்து சாக்பீஸ் மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பகீரென்றது. "அப்படித்தாம்மா ஆகணும்" என்றார். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொரசொரப்பில்தான் பசை இறங்கிப் பிடிக்கிறது.

இந்த யோசனை பெயிண்ட்காரர்களிடமிருந்து வந்தது. இரும்புத் தகட்டில் பெயிண்ட் உரியாமல் இருக்க முன்னால் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டரில் இருந்த புவனகோர் என்ற டாக்டர், பல்லிலும் பூசிப் பார்த்தால் என்ன என்று பூசி, 1955-இல் எழுதினார். ஒட்டுவதற்கு நல்ல பிசின் 1962-இல் போவன் கொடுத்தார். அதற்கு முன்னாலும் ஹாலிவுட் சும்மா இருக்கவில்லை. ஷெர்லி டெம்பிளுக்குப் பால்பல் விழுந்தபோதெல்லாம் பின்கஸ் என்ற டாக்டர் மெல்லிய பொய்ப்பல் செய்து பசை வைத்துப் பொருத்துவாராம். ஷூட்டிங் முடிந்ததும் கழற்றிவிட வேண்டியதுதான்.

பசை, காற்று, நீல விளக்கு. எங்கள் கண்ணுக்கு ஆரஞ்சுத் தகடு. முதல் பூச்சு, அடியில் இருக்கும் காவி தெரியாமல் மறைக்கிற பூச்சு. அதன் மேல்தான் ஏ1. ஒவ்வொரு அடுக்கும் மெல்லிசாக, ஒவ்வொன்றுக்கும் விளக்கு. தடியாக வைத்தால் வெளிச்சம் அடிவரை போகாமல் உள்ளே இறுகாது. இரண்டு பல்லுக்கும் நடுவே கண்ணாடித்தாள் மாதிரி ஒரு நாடாவை விட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்தார். எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம். பூசி முடித்த பல் சும்மா ஒரு வெள்ளைக் கட்டிதான். டாக்டர் சுழலும் வட்டத்தாளால் தேய்க்கத் தேய்க்க, நடுப்பல்லில் மூன்று மெல்லிய மேடுகள் எழுந்தன, ஓரங்கள் உருண்டன, நுனியில் கொஞ்சம் கண்ணாடித் தன்மை வந்தது. பல் என்றால் வெள்ளைச் சதுரம் இல்லை என்பதை அந்தக் கைகள் தெரிந்து வைத்திருந்தன. நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, தடம் அதிகம் விழுந்த இடத்தை மட்டும் மீண்டும் ராவினார்.

கண்ணாடி கொடுத்தபோது இவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, "பெருசா இருக்கிற மாதிரி இருக்குதுங்க" என்றாள். ரெண்டு நாளில் பழகிவிடும் என்றார் டாக்டர்.

மார்கழி 23, புதன்

தடை உத்தரவுகள்: முதல் இரண்டு நாள் காபி, டீ, மஞ்சள், புளிக்குழம்பு கூடாது. மயிலாப்பூரில் மார்கழி மாதம் காபி குடிக்காதே என்பது கொடுமை. சபா கேன்டீனில் எனக்கு மட்டும் ஒன்று சொல்லிவிட்டு, இவளுக்குத் தயிர்சாதம் வாங்கினேன். நகம் கடிக்கக்கூடாது, ஊக்கைப் பல்லால் திறக்கக்கூடாது, டேக் நூலைப் பல்லால் அறுக்கக்கூடாது. கடைசியாகச் சொன்னதில் மாட்டிக்கொண்டாள். நாளெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருந்தாளாம். கத்தரிக்கோல் எதற்கு இருக்கிறது என்று கேட்டால், "அது எப்பவும் அடுத்த டேபிள்ல இருக்குங்க அத்தை."

தை 2, வெள்ளி, ஊரில்

கரும்பைக் கத்தியால் துண்டு போட்டுக் கடைவாயில் மெல்லுகிறாள். அம்மாவுக்குச் சிரிப்பு. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு தடவை கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போனான். பக்கத்துத் தெருவிலிருந்து இவள் வயதுப் பெண்கள் மூன்று பேர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, விரலால் தட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். பதினெட்டாயிரம் என்றதும், "நமக்கு ஆகாதுங்க" என்று எழுந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன்.

காணும் பொங்கல் கழித்து மூவரும் சென்னைக்கு வருகிறார்கள். என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டை ஸ்டேஷன். இறங்கினால் எதிரிலேயே பல் ஆஸ்பத்திரி. காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டுப் போட வேண்டும். ஆதார் கார்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.