உணராத பாதம்

சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். "ஹஸ்ரத், உங்கள் காலில் இரத்தம்!" என்றான் கடைசி வரிசை மாணவன் ஒருவன். வலது பாதத்தின் அடியில் கண்ணாடிச் சில்லு ஒன்று ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று தெரியவில்லை, வலியே இல்லை. நாள்தோறும் உளூவில் கழுவும் பாதம்தான். கழுவினோமே தவிர, பார்க்கவில்லை.

நமக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மருத்துவர் நம் கண்களை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டார். பாதி இடங்களில் ஒன்றும் உணரவில்லை. நெடுநாள் சர்க்கரை மிகுந்திருந்தால் நீளமான நரம்புகளே முதலில் பழுதாகும், ஆகவே பாதம் முதலில் மரத்துப்போகும் என்று விளக்கினார்.

நலமான உடலில் முள் தைத்தால், செய்தி தண்டுவடத்தை எட்டியதுமே அங்கிருந்து கட்டளை திரும்புகிறது. மூளை வலியை அறியும் முன்பே கால் விலகிக்கொள்கிறது. மறுகால் விறைத்து நின்று உடலைத் தாங்குகிறது. புண்ணில் கிருமி புகுந்தால் வெள்ளணுக்கள் இரத்தக்குழாய்ச் சுவரைக் கடந்து விரைகின்றன. அவை வெளியிடும் வேதிப்பொருள்களின் தூண்டுதலால் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் உடல் வெப்பத்தை உயர்த்துகிறது. தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்குகின்றன. கிருமி புகுந்தது பாதத்தில். காய்ச்சலோ உடல் முழுவதற்கும். சுப்ஹானல்லாஹ்!

நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியை ஆண்டுதோறும் நாம் பாடமாக நடத்துகிறோம். இறைநம்பிக்கையாளர்களை ஒரே உடலுக்கு ஒப்பிட்ட நபி (ஸல்) அவர்கள், ஓர் உறுப்பு நோயுற்றால் ஏனைய உறுப்புகள் உறக்கமின்மையாலும் காய்ச்சலாலும் அதில் பங்கேற்பதை எடுத்துக்காட்டினார்கள்.

இரத்தத்தைக் கண்டு சொன்ன அந்த மாணவன் ஒரு வாரமாக வகுப்பில் தூங்கி விழுந்துகொண்டிருந்தான். இருமுறை கடிந்துகொண்டோம், ஒருமுறை எழுந்து நிற்கவும் வைத்தோம். காலில் கட்டுடன் திரும்பிய பின்னரே அவனிடம் காரணம் கேட்டோம். வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார். உம்மா நோயுற்றுப் படுத்திருக்கிறார். இரவெல்லாம் விழித்துப் பணிவிடை செய்பவன் அவன். நபிமொழி சொன்ன உறக்கமின்மை நம் எதிரே அமர்ந்திருந்தது. நாம் அதற்குத் தண்டனை அளித்தோம்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அன்றிரவே அண்டை வீட்டுப் பெண்கள் உணவுடன் அவ்வீட்டிற்குச் சென்றார்கள். மூன்று வீடுகள் தள்ளி இருந்தும், அதுவரை அவர்களுக்கும் செய்தி எட்டியிருக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறோம். வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன் பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கிறோம். மரத்துப்போன நரம்பு மீளுமா என்பதை அல்லாஹ்வே அறிவான். மரத்துப்போன உள்ளத்தை அவன் மீட்டுத் தருவானாக, ஆமீன்.