கயிற்றைப் பிடிப்பவர் யார்?

மன்னாரின் அரிப்புக் கரையில் நிற்கும்போதெல்லாம் அங்கு முத்துக் குளித்தவர்களின் நினைவே எழுகின்றது. மூச்சு முட்டியதும் குளிப்பவர் கயிற்றை அசைப்பார். தோணியில் நின்றவர் அவரை இழுத்தெடுப்பார். ஒருவர் மூச்சுக்கு மற்றவர் காவல்.

அவ்வளைகுடாவின் கடலடியில் 2011இல் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. அது இன்னும் வணிக முறையில் எடுக்கப்படவில்லை. எடுக்கும் நாளில், குழாய்வழிச் செல்வதை அளக்கப் பாய்ச்சல்மானிகள் வேண்டும். அவற்றுள் ஒரு வகையில் அதிரும் குழாய்களும் கம்பிச் சுருள்களும் மூடிய கூட்டினுள் இருக்கும். கூட்டில் ஈரக்காற்றுப் புகுந்தால், அது குளிர்ந்து நீராகி உள்ளுறுப்புகளைக் கெடுக்கும். ஆகவே ஒரு துளைவழி உலர்ந்த நைதரசனையோ ஆகனையோ செலுத்தி, மறு துளைவழி காற்றை வெளியேற்றி அடைப்பர்.

கருவியைக் காக்கும் அவ்வாயு மனிதனைக் கொல்லவும் கூடும். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசனே; அது நஞ்சன்று. ஆனால் அடைத்த அறையில் வாயு உருளை கசிந்தால் ஒட்சிசன் குறையும். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரிதும் உடலிற் சேரும் காபனீரொட்சைட்டு. நைதரசனைச் சுவாசிப்பவரிடமிருந்து அது வழமைபோல் வெளியேறிக்கொண்டிருக்கும். ஆதலால் முன்னறிவிப்பின்றியே அவர் மயங்கி விழுவார். கயிற்றை அசைக்கவும் அவகாசம் இராது.

எனவே காற்றோட்டமும் ஒட்சிசன்மானியும் வாசலில் நிற்கும் துணையாளும் முதலாளி தரும் சலுகைகள் அல்ல, தொழிலாளியின் உரிமைகள். நம் மாணவர் சிலர் நாளை அத்தொழிலுக்குச் செல்லக்கூடும். உள்ளே இறங்குமுன், கயிற்றைப் பிடிப்பவர் யாரென்று கேட்க அவர்களைப் பழக்குவது ஆசிரியராகிய நம் கடன்.