உப்பில் கண்டம்!

கோவில்பட்டியில் எனக்கு ஜாதகம் கணித்த ஜோசியர், "பையனுக்குத் தண்ணியில கண்டம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என்னைக் கிணற்றுப் பக்கமே விடவில்லை. இன்றுவரை எனக்கு நீச்சல் தெரியாது. கனடாவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. சுற்றிச் சுற்றி ஏரிதான். எந்த ஏரியும் என்னை ஒன்றும் செய்யவில்லை. அந்த மனிதர் மட்டும் 'உப்பில் கண்டம்' என்று ஒரு வார்த்தை திருத்திச் சொல்லியிருந்தால், எங்கள் வீட்டில் ஒரு கை முறிந்திருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் புதுக் கார் வாங்கியிருக்கிறான். கருநீலம். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. போதாதென்று 'செராமிக் கோட்டிங்' என்று அதன்மேல் இன்னொரு பூச்சு. அதற்குக் கொடுத்த பணத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஒரு பவுன் எடுத்து வச்சிருக்கலாமே" என்றாள் என் மனைவி. நவம்பரில் ஒரு நாள், முதல் பனி விழப்போகிறது என்று டி.வி.யில் சொன்னார்கள். பையன் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, வின்ட்டர் முடியற வரைக்கும் புதுக் காரை கராஜ்லயே மூடி வச்சுடலாம்னு பாக்குறேன். உங்க பழைய கார் சும்மாதானே நிக்குது, அதை எடுத்துக்கட்டுமா?"

சமையலறையில் 'ணங்' என்று பாத்திரம் விழுந்தது. அது தானாக விழவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. இது பரம்பரை வியாதி. என் அப்பாவிடம் ஒரு ராலே சைக்கிள் இருந்தது. தினமும் காலையில் முதலில் அதற்குத்தான் குளியல், பிறகுதான் அவருக்கு. தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பார். தூறல் விழுந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். தெருவில் சேறு இருந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொள்வார். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் சைக்கிள்தான் அப்பாமேல் சவாரி செய்யும். நாங்கள் சிரிப்போம். சிரித்த பாவம் என்னைச் சும்மா விடவில்லை.

1998 செப்டம்பரில் நான் டொயோட்டா கேம்ரி வாங்கினேன். பாட்டில் பச்சை. அறுபது மாதத் தவணை. எங்கள் வம்சத்திலேயே முதல் கார். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஸ்கார்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட்டின் அடித்தளப் பார்க்கிங்கில் கொண்டுவந்து நிறுத்தியபோது, பக்கத்துக் காரெல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

நவம்பர் வந்தது. கூடவே உப்பு லாரி வந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தச் சமாசாரம் கொஞ்சம் விளங்க வேண்டும். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் பீப்பாயில் ஐஸோடு கல்லுப்பை அள்ளிப் போடுவார்களே, அதே வித்தைதான். உப்பு சேர்ந்தால் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. இன்னும் கீழே போக வேண்டும். அதனால் ரோட்டில் உப்பைத் தூவினால் பனிக்கட்டி இளகிவிடும். மைனஸ் பத்து வாக்கில் அந்த வேலை சுணங்கும்; அதற்குக் கீழே உப்பும் நம்மோடு சேர்ந்து நடுங்க வேண்டியதுதான். இதற்கென்றே ஒன்டாரியோவில் கோடரிச் என்ற ஊரில், ஹ்யூரான் ஏரிக்கு அடியில் ஐந்நூறு மீட்டருக்கும் கீழே சுரங்கம் தோண்டி உப்பை வெட்டி எடுக்கிறார்கள். நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகத்திலேயே பெரியது அதுதான்.

நானோ தூத்துக்குடி உப்பளத்து லாரிகளைப் பார்த்து வளர்ந்தவன். அந்த லாரிகளின் அடிப்பாகம் சல்லடையாகக் கிடப்பதைக் கண்ணால் கண்டவன். என் பச்சைக் கிளியை அந்த உப்பில் இறக்குவேனா? டிசம்பர் முதல் வாரத்தில் அதற்கு ஒரு போர்வை வாங்கிப் போர்த்தினேன். நான் ஆபீசுக்கு பஸ்ஸில் போனேன். பெருமையாக வேறு இருந்தது, தியாகம் செய்கிற மாதிரி.

மனைவியும் பஸ்ஸில்தான் போனாள். அதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் அப்போது ஒரு தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட். இரவு பதினொன்றுக்கு முடியும். இரண்டு பஸ் மாறி, கடைசி நிறுத்தத்திலிருந்து பத்து நிமிஷம் நடந்து வர வேண்டும். நான் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பேன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காரோடு கொஞ்சல் என்று ஆரம்பித்து, பிறகு புதன், வெள்ளி என்று வளர்ந்துவிட்டது. கீழே இறங்கிப் போய், போர்வையை விலக்கி, ஸீட்டில் சாய்ந்துகொண்டு, இன்ஜினைப் போடாமலே காஸெட்டில் இளையராஜா கேட்பேன். அந்த வாசனை இருக்கிறதே, புதுக் கார் வாசனை... சரி, விடுங்கள்.

1999 ஜனவரி. டொரன்டோக்காரர்கள் யாரும் அந்த மாதத்தை மறக்க மாட்டார்கள். முதல் இரண்டு வாரத்திலேயே ஒரு மீட்டருக்கு மேல் பனி கொட்டிவிட்டது. மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே கூப்பிட்டுவிட்டார், பனி அள்ள! இதைவிட அதிகப் பனியில் உட்கார்ந்து சாவகாசமாகக் காபி குடிக்கிற மற்ற கனடாக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் எங்களைக் கேலி செய்வார்கள்.

ராணுவம் வந்த அந்த வாரத்தில் ஒரு ராத்திரி. மணி பன்னிரண்டே கால். ஒன்பதாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு விளக்கு வெளிச்சத்தில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு சின்ன உருவம், பனிக் குவியல்களுக்கு நடுவே அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தது. எங்கள் கட்டடத்து வாசலுக்கு இருபதடி இருக்கும்போது சட்டென்று காணாமல் போயிற்று.

ஓடினேன். உட்கார்ந்திருந்தாள். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "வழுக்கிடுச்சுங்க" என்றாள், ஏதோ அவள் தப்புப் போல.

மணிக்கட்டு இருக்க வேண்டிய மாதிரி இல்லை. இதற்கு அடுத்து நான் செய்ததைத்தான் இத்தனை வருஷமாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"இரு, டாக்ஸி கூப்பிடுறேன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்தது. காலடியில் கார் இருக்கிறது, முழு டேங்க் பெட்ரோலோடு. அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. டாக்ஸி வர நாற்பது நிமிஷம். டிரைவர் பஞ்சாபிக்காரர், நல்ல மனிதர். வழியில் பேச்சுக் கொடுத்தார், "இந்த ஊரில் கார் இல்லாமல் கஷ்டமாயிற்றே அம்மா" என்று. என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்:

"இருக்கு. தூங்குது."

மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். நான் கீழே ஓடி, போர்வையை உருவி எறிந்துவிட்டு, சாவியைத் திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆறு வாரமாக ஓட்டாமல் பாட்டு மட்டும் கேட்டால் பாட்டரி வேறு என்ன செய்யும்? கச்சேரி முடிந்து படுத்துவிட்டது.

எதிர் ஃப்ளாட்டில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி இருந்தார். மெக்கானிக். கேபிளோடு வந்தார். போர்வையைப் பார்த்தார், பளபளக்கும் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணை, இது காரோ, நல்லூர்த் தேரோ? வருஷத்துக்கு ஒருக்காத்தான் வெளிக்கிடுமோ?"

"உப்பு..." என்று இழுத்தேன்.

"உப்பு பெயின்ரை ஒண்டும் செய்யாது அண்ணை. பெயின்ற் உடைஞ்ச இடத்தைத்தான் தேடிப் பிடிக்கும். நீங்கள் மேல பாத்துக் கவலைப்படுறியள். கீழ ஒருக்கா எட்டிப் பாத்தனீங்களோ?"

பார்த்ததில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அவருடைய ஒர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கி நிறுத்திக் காட்டினார். பிரேக் எண்ணெய் போகிற மெல்லிய குழாய்கள், சட்டம், சக்கரங்களைத் தாங்குகிற இரும்புகள். "உதுகள்தான் உயிர். பிரேக் குழாய் கறள் பிடிச்சு ஓட்டை விழுந்தா, பிறகு கதவில கீறல் இருந்தென்ன, இல்லாட்டியென்ன?" கறள் என்றால் துரு என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். வருஷா வருஷம் பனிக்கு முன்னால் அடிப்பாகம் முழுக்க எண்ணெய் பீய்ச்சி அடித்துவிட்டால் போதும் என்றார். அப்பா சைக்கிளுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டது ஞாபகம் வந்தது. பாதி சரியாகத்தான் செய்திருக்கிறார் மனுஷன்!

இன்னொரு குண்டும் போட்டார். ஈர உப்போடு வந்த காரைக் கதகதப்பான அடித்தளத்தில் நிறுத்தினால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்குமாம். வெளியே குளிரில் நின்றால் அந்த ரசாயன வேலை மந்தமாகத்தான் நடக்கும். அதனால் பூஜ்யத்துக்கு மேல் வெயில் அடிக்கிற ஒரு நாளில், வாரம் பத்து நாளைக்கு ஒரு தரம், அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். காய்ந்த உப்பைத் துணியால் துடைக்கவே கூடாது. அது துணியல்ல, உப்புத்தாள்! அன்பு மிகுதியால் நான் செய்திருக்கக்கூடிய அட்டூழியங்களையெல்லாம் கேட்டு எனக்கே பயம் வந்துவிட்டது. முக்கியமாக டயர். ஏழு டிகிரிக்குக் கீழே சாதாரண டயர் ரப்பர் கெட்டியாகிப் பிடிமானம் குறைந்துவிடும். குளிர்கால டயர் தனி. "அண்ணை, போர்வைக் காசுக்கு ஒரு டயராவது வாங்கியிருக்கலாம்" என்றார். என் மனைவியின் பவுன் கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இதெல்லாம் பிறகு. அந்த முதல் நாளுக்கு வருகிறேன்.

கார் ஸ்டார்ட் ஆனதும் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் மெதுவாக வந்தாள். கையில் முழங்கை வரை கட்டு, கல் மாதிரி. வலது கையால் கதவைத் திறந்து, ஏறுகிற சமயத்தில் கால் லேசாகத் தடுமாற, கட்டுப் போட்ட கை போய்க் கதவில் 'சரக்' என்று இழுத்தது. கைப்பிடிக்குக் கீழே, சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. நாலு மாதக் கார். முதல் கீறல்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் பயம் இருந்தது. ஆமாம், பயம். கை முறிந்தபோதுகூட அந்த முகத்தில் நான் பார்க்காத பயம். என்னைப் பார்த்தா, காரை நினைத்தா என்று கேட்காதீர்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"வலிக்குதா?" என்றேன்.

"யாருக்கு?" என்றாள்.

அன்றைக்கு ரோடெல்லாம் உப்பும் பனியும் கரைந்த கறுப்புக் கஞ்சி. முன்னால் போன லாரி அள்ளி அள்ளி என் பச்சைக் கிளியின் மூஞ்சியில் அடித்தது. கண்ணாடியைக் கழுவுகிற நீலத் தண்ணீர் பாதி வழியில் தீர்ந்தது. சின்னக் கல் ஒன்று பானட்டில் 'டொக்' என்றது. ஒவ்வொரு 'டொக்'குக்கும் என் உடம்பு தூக்கிப் போட்டது. ஐந்தாறு 'டொக்' ஆனபிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் அவள் ஹீட்டரின் முன்னால் நல்ல கையை நீட்டி விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "நல்லாச் சுடுதுங்க" என்றாள். இரண்டு மாதமாக அந்த ஹீட்டர் கீழே சும்மா கிடந்தது.

அந்த வாரத்திலிருந்து ராத்திரி பதினொன்றுக்கு நான் தொழிற்சாலை வாசலில் நின்றேன். கட்டுப் போட்ட நாட்களில் அவளுக்கு லீவு. பிறகு அவள் அந்த வேலையை விடும்வரை ஒரு நாள் தவறவில்லை. கூட வேலை செய்த இரண்டு பெண்களும் ஏறிக்கொள்வார்கள். பூட்ஸில் ஒட்டிய உப்புச் சேற்றையெல்லாம் என் கம்பளத்தில் உதறுவார்கள். ஆழமான பள்ளம் வைத்த ரப்பர் விரிப்பு நாலு வாங்கிப் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

அந்தக் கார் பதினாறு வருஷம் ஓடியது. மூன்று லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர். மகன் பிறந்து வீட்டுக்கு வந்தது ஒரு பிப்ரவரியில், அதில்தான். பானட் முழுக்கக் கல் பட்ட புள்ளிகள், அம்மை போட்டுத் தழும்பு விட்ட மாதிரி. இரும்பு தெரிகிற இடத்துக்கு மட்டும் பச்சை பெயின்ட்டைத் தொட்டு வைப்பேன். கதவில் இருந்த அந்த வெள்ளைக் கோட்டை மட்டும் தொடவில்லை. தம்பி ஒரு முறை, "பொலிஷ் போட்டா மறைஞ்சிடும் அண்ணை" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். 2014இல் பழைய இரும்புக்குப் போனபோதும் அந்தக் கோடு இருந்தது. பிரேக் குழாய் கடைசிவரை கறள் பிடிக்கவில்லை.

இந்தக் கதையைத்தான் பையனிடம் சொன்னேன். டாக்ஸி விஷயத்தையும் சேர்த்து. சொல்லி முடிக்கும்போது சமையலறையில் சத்தமே இல்லை. அவன் பதில் பேசாமல் எழுந்து போனான்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால் ஊரே வெள்ளை. வாசலில் கருநீலக் கார் இன்ஜின் ஓடிக்கொண்டு நிற்கிறது. கூரையிலிருந்த பனியைப் பையன் பிரஷ்ஷால் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தான், பெயின்ட்டில் உரசாமல் ஒரு விரல் கனத்தைக் கடைசியில் விட்டுவிட்டு. பரவாயில்லை, அதுவும் சரியான முறைதான்.

"அம்மா, காய்கறிக் கடைக்குத்தானே? வாங்க, நான் கொண்டுபோறேன்."

அவள் பெரிய பையோடு போனாள். பையில் இரும்பு வளையம் வைத்த கைப்பிடி. கதவைத் திறந்து ஏறும்போது அந்த வளையம் காருக்கு அரை அங்குல தூரத்தில் ஊசலாடியது. பையன் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்கு ஜன்னல் வரைக்கும் கேட்டது.

"அம்மா... பாத்து..." என்று ஆரம்பித்தான்.

அவள் ஒரு காலை உள்ளே வைத்தபடி திரும்பி, அவனைப் பார்க்கவில்லை, மேலே ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று தெருமுனையைப் பார்த்தேன். உப்பு லாரி வந்துகொண்டிருந்தது.