குலுக்கம் நின்ற பிறகு

நிலநடுக்கத்துக்குப் பிறகு மண் அணையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் விரிசலைத் தேடுவார்கள். மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டரில் ரீடிங் எடுத்துப் பழகிய என் கவலையெல்லாம் கரைக்குள் இருக்கும் தண்ணீரைப் பற்றித்தான்.

தளர்வான மணலில் துகளோடு துகள் முட்டி நின்றுதான் மேலுள்ள மண்ணின் பாரத்தைத் தாங்குகிறது. படியைத் தட்டினால் அரிசி அமிழ்வதுபோல, குலுக்கினால் மணலும் நெருங்கப் பார்க்கும். இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்தால் அது வெளியேற நேரமிருக்காது. துகள்கள் சுமந்த பாரம் தண்ணீரின் மேல் ஏறும். அழுத்தம் மேல்மண்ணின் பாரத்துக்குச் சமமாகிவிட்டால் துகள்களுக்கிடையே பிடிப்பே இல்லை. மணல் கூழாக ஓடும்.

1971 பிப்ரவரி 9 அன்று கலிஃபோர்னியாவின் லோயர் சான் ஃபெர்னாண்டோ அணையில் நடந்தது இதுதான். மண்ணைத் தண்ணீரோடு கலந்து ஓடவிட்டுப் படியவைத்துக் கட்டிய அணை அது. நீர்ப்பக்கச் சரிவு, உச்சியையும் இழுத்துக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குள் போனது. எஞ்சிய கரை நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5 அடிதான். கீழே குடியிருந்த சுமார் 80,000 பேரை வெளியேற்றினார்கள். உச்சியிலிருந்த கருவியின் பதிவை ஆராய்ந்தபோது, வலுவான குலுக்கம் நின்று ஏறத்தாழ அரை நிமிடம் கழித்தே பெருஞ்சரிவு நேர்ந்தது தெரிந்தது. 1978 ஜனவரியில் ஜப்பானின் மோச்சிகோஷியில் தங்கச் சுரங்கக் கழிவைத் தேக்கிய கரைகளில் ஒன்று குலுக்கத்தின்போதே உடைந்தது. இன்னொன்று சுமார் ஒரு நாள் கழித்து. அழுத்தம் ஏறிய இடத்திலிருந்து தண்ணீர் மெல்ல நகர்ந்து, அதுவரை உறுதியாக நின்ற மண்ணையும் தளர்த்திவிடும்.

நீர்த்தேக்கம் வற்றியிருந்தால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 2001 ஜனவரி 26 கட்ச் நிலநடுக்கத்தில் சாங் அணை குலைந்தபோது அங்கே தண்ணீர் குறைவுதான். கரைக்கு அடியிலிருந்த வண்டல் ஈரம் நிறைந்து கிடந்தது. அது போதுமாக இருந்தது.

அழுத்தம் உச்சத்துக்குப் போகும் கணம் எங்கள் கையில் சிக்குவது அரிது. குழாய்க் கிணற்று வகைப் பீசோமீட்டரில் நாடாவை இறக்கினால், முனை தண்ணீரைத் தொட்டதும் ஒலி கேட்கும். ஆனால் களிமண்ணில் அந்தக் குழாய்க்குள் நீர் ஏறிச் சமநிலைக்கு வர நாள்கணக்காகலாம். அதிர்கம்பி வகை உடனே காட்டும். அதையும் மணிக்கு ஒருமுறை மட்டும் பதிவு செய்தால் சில விநாடிக் குலுக்கம் இடையில் நழுவிவிடும். ஆகவே நாங்கள் படிப்பது அழுத்தம் இறங்கும் விதத்தை. சீராக இறங்கினால் நிம்மதி. ஒரு பீசோமீட்டரில் இறங்கி அடுத்ததில் ஏறினால், தண்ணீர் எங்கே போகிறது என்று துருவிப் பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தில், ‘மதகைத் திறந்து ஏரியை வேகமாக இறக்குங்கள்’ என்று நெருக்குதல் வரும். வெளியே தண்ணீர் சட்டென்று இறங்கினால், உள்ளே தேங்கிய அழுத்தம் நீர்ப்பக்கச் சரிவைத் தள்ளும். எவ்வளவு வேகமாக இறக்குவது என்பதை ரீடிங்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அதற்கு, நிலம் அசையாத நாட்களின் ரீடிங் ஒழுங்காக இருக்க வேண்டும். வழக்கமான அளவு தெரியாதவர், இன்று கூடியிருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வார்?