திருடனுக்கு எட்டு, வீரனுக்கு இரண்டு

2003இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பில், லெவல் ஏறும்போதெல்லாம் திருடனுக்கு 8 ஸ்கில் பாயிண்ட், போர்வீரனுக்கு 2. இன்டெலிஜென்ஸைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். சண்டையில் அவன்தானே ராஜா, அதனால் சரியாப்போச்சு என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. எங்கள் மேசையில் சண்டை ஒரு மணி நேரம். மீதி மூன்று மணி நேரமும் வீரனாக ஆடும் நண்பன் போனை நோண்டிக்கொண்டிருப்பான். "நான் என்னத்தடா உருட்ட, நீங்களே பாத்துக்கங்க."

இதைவிடக் கொடுமை, ஸ்பாட், லிசன் இரண்டும் அவனுடைய கிளாஸ் ஸ்கில் இல்லை. ஒரு படி ஏற்ற இரண்டு பாயிண்ட் அழ வேண்டும். வாசலில் காவல் நிற்பவனுக்கே காது மந்தம் என்றால் என்ன சொல்ல?

2009இல் பாத்ஃபைண்டர் கிளாஸ் ஸ்கில்லுக்கு +3 கொடுத்தது. இருபது முகப் பகடையில் அது 15 சதவீதம், சின்ன விஷயமில்லை. ஆனால் திருடனுக்கும் அதே +3. வீரனுக்கு அங்கேயும் 2 பாயிண்ட்தான். நாங்கள் அதை எடுக்கவில்லை. வீரனுக்கு 4 பாயிண்ட், ஸ்பாட்டும் லிசனும் அவன் பட்டியலில். அவ்வளவுதான்.

"அப்ப நான் எதுக்கு?" என்றாள் திருடனாக ஆடுபவள். நியாயமான கேள்வி. கஷ்டமான பொறிகளைக் கண்டுபிடிக்கும் உரிமை அவளுக்கு மட்டும்தான், அதில் கை வைக்கவில்லை.

போன வாரம் கோட்டை வாசலில் காலடிச் சத்தத்தை முதலில் கேட்டது வீரன். அவள் முகத்தைப் பார்க்கணுமே! அடுத்த அறையில் ஒரு பொறி வைத்திருக்கிறேன்.